ஐந்தாவது ஊசி

"எனக்கு ஊசி போடவே வரலை சார். இந்த வாரம் மட்டும் நாலு உடைச்சுட்டேன்" என்று அந்தப் பெண் சொன்னதும், மாணவர் நல அலுவலர் தம் இடது தோளை வலக் கையால் பொத்திக்கொண்டார்.

அது அவருடைய பழைய வியாதி. ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே தோள் சுருங்கிவிடும். ஐம்பத்திரண்டு வயதிலும், காய்ச்சல் வந்தால் மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைக்கிற மனிதர். அப்படிப்பட்டவருக்குத் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் வாய்த்ததோ, செவிலியர் உதவியாளர் வகுப்பை ஒட்டிய அறை.

அந்த வகுப்பிலிருந்து ஏற்கெனவே இருவர் பயந்து நின்றுவிட்டனர். மூன்றாமவர் நின்றால் நல அலுவலர் என்றொரு பதவியே கல்லூரிக்குத் தேவையில்லை என்று முதல்வர் நேற்றுத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தார். எதிரே அமர்ந்து, கல்லூரியின் நீலக் கோட்டு நுனியைத் திருகிக்கொண்டிருப்பவளே அந்த மூன்றாமவள் என்பதில் அவருக்கு ஐயமில்லை.

"உடைஞ்சதுன்னா, உள்ளேயாம்மா?"

"பாதி உள்ளேயே நின்னுடுச்சு சார். டீச்சர் குறடு வச்சுப் பிடுங்கினாங்க."

உடையாமல் போட்டால் என்ன ஆகும் என்று அவர் மெல்லக் கேட்டார்.

"கொஞ்ச தூரம் ஓடும் சார். அப்புறம் கடகடன்னு கத்திட்டு நின்னுடும்."

உயிருள்ள நோயாளியை 'ஓடும்', 'நின்னுடும்' என்று அஃறிணையில் பேசுகிறாளே என்று அவர் மனம் புழுங்கியது. இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் திணையும் தெரியவில்லை, பாலும் தெரியவில்லை. ஆயினும், இலக்கணம் திருத்த அது நேரமன்று. இவள் போனால் வேலையும் போகும்.

முதலில் மூச்சுப் பயிற்சி அளித்தார். இருபது முறை இழுத்து விட்டதில் அவளுக்குத் தலை சுற்றியது. குடிக்கக் கொடுத்த தண்ணீர் புரைக்கேறியது. பிறகு அடுத்த அறையிலிருந்து இரண்டு புதிய சிறிஞ்சுகளை, பாம்பின் வாலைப் பிடிப்பதுபோல் இரு விரலால் தூக்கி வந்தார். தம் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து வைத்துக் குத்தச் சொன்னார். இது எதற்கு என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கேள்வி கேட்டால் பயம் வளரும் என்று அடக்கிவிட்டார். அவள் குத்தினாள். பழம் உருண்டோடியது, ஊசி மேசையில் மோதி முறிந்தது.

"அஞ்சாவது" என்று அவள் விசும்பினாள். "நான் நின்னுடறேன் சார்."

அச்சொல் அவர் காதில் பணிநீக்க ஆணையாகவே விழுந்தது. இனி வழி ஒன்றுதான். மிச்சமிருந்த சிறிஞ்சை அவளிடம் நீட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். அந்தக் கை வேறு யாருடையதோ என்று எண்ணிக்கொள்ள முயன்றார், கை ஒப்பவில்லை.

"போடும்மா."

"உங்க கையிலயா சார்?" அவள் நாற்காலியோடு பின்வாங்கினாள். "எங்க வகுப்புல இப்படி யாரும் செய்யறதில்லையே."

"அதனாலதான் ஒவ்வொருத்தரா நின்னு போறீங்க. என் கையில போட்டுட்டா, அப்புறம் உலகத்துல எதுல வேணும்னாலும் போடலாம்."

இருவரும் கண்களை மூடிக்கொண்டனர். முதல் குத்து நாற்காலிக் கைப்பிடியின் பஞ்சில் இறங்கியது. அடுத்தது குறி தவறவில்லை. அலுவலர் கத்தவில்லை, கத்துவதற்கு உடம்பில் உயிர் இருக்க வேண்டுமே.

கண்ணைத் திறந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஊசி வளையவே இல்லை சார். கைகூட நடுங்கலை."

அவருக்குக் கண்ணீர் முட்டியது. அது வலியா, வேலை தப்பிய நிம்மதியா என்று பிரித்தறிய முடியவில்லை. வீங்கத் தொடங்கிய கையை விழுப்புண்போல் பெருமையுடன் பார்த்துக்கொண்டார்.

அப்போது அதே நீலக் கோட்டு அணிந்த இன்னொருத்தி கதவருகே தலையை நீட்டினாள்.

"அக்கா, இங்கயா இருக்க? உன் தையல் மெஷினுக்கு டீச்சரே ஊசி போட்டுட்டாங்க, வந்து தலையணை உறையைத் தைச்சு முடிப்பியாம்."