முட்டை அறைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

மைத்துனர் அவர்களுக்கு அத்தானின் அன்பான வணக்கம். இங்கு உங்கள் அக்காவும் நானும் இன்குபேட்டரில் இருக்கும் முந்நூறு முட்டைகளும் நலம். இதில் என் நலம் மட்டும் கொஞ்சம் சந்தேகம். காரணம், இன்குபேட்டரை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த டிரைவர் ப்ரோகிராம்.

நீங்கள் அன்றே படித்துப் படித்துச் சொன்னீர்கள். ப்ராசஸருக்குள் படிப்படியாக அதிகாரம் உண்டு, உச்சியில் இருக்கும் கெர்னல் என்ற தலைமை ப்ரோகிராம் மட்டும்தான் ஹீட்டரையும் விசிறியையும் நேராகத் தொடலாம், சாதாரண ப்ரோகிராம் அதனிடம் கேட்டுத்தான் காரியம் சாதிக்க வேண்டும் என்று. எனக்குச் சுருக்கென்றது. என் கம்ப்யூட்டர், என் ஹீட்டர், ஓய்வுபெற்ற பிறகு நான் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய ப்ரோகிராம், அது போய் யாரோ ஒரு கெர்னலிடம் கைகட்டி நிற்பதா? உங்களை நச்சரித்து, ஒவ்வொரு கருவிக்கும் நம்பர் போட்ட வாசலான போர்ட் அத்தனையையும் என் ப்ரோகிராமுக்கு நேராகத் திறந்துவிடும் டிரைவரை வாங்கினேன். "அத்தான், ஒரு நம்பர் மாறினாலும் தடுக்க ஆள் இல்ல"ன்னு எச்சரிச்சீங்க. நான் என்ன பச்சைக் குழந்தையான்னு கேட்டேன்.

நேத்துக் காலையில விசிறியைக் கூட்டலாம்னு உக்காந்து, விசிறியோட நம்பர்னு நினைச்சு கீபோர்டோட நம்பரைப் போட்டுத் தொலைச்சேன். கெர்னலைக் கேட்டிருந்தா "போய்யா"ன்னு திருப்பி அனுப்பியிருக்கும். கேக்கலையே! கீபோர்ட் செத்துப்போச்சு, கூடவே மவுஸும் போச்சு, ஹீட்டர் மட்டும் ஜோரா எரியுது, திரையில முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாப்பதுன்னு ஏறுது, நானும் பட்டனைக் குத்துகுத்துன்னு குத்துறேன், பொரிக்க ஒரே நாள் பாக்கி, அதுக்குள்ள அவிச்சுடுவேன் போலிருக்கேன்னு அலறினேன். உங்க அக்கா வந்தாங்க. திரைப் பக்கமே திரும்பல. ஹீட்டர் ப்ளக்கைப் பிடுங்கினாங்க, இன்குபேட்டர் கதவைத் திறந்து அட்டையால விசிறினாங்க, அப்புறம் என்னை வெளியே தள்ளி அறையைப் பூட்டிட்டாங்க; ப்ளக்கை மாட்டுறதும் பிடுங்குறதும் இனி அவங்கதான். "இனிமே என்ன வேணும்னாலும் வாசல்ல நின்னு கேளுங்க. குடுக்கலாம்னு தோணினா குடுப்பேன்." உள்ளே விட்ட மூக்குக்கண்ணாடியைக் கேட்டேன். "எதுக்கு?"ன்னு விசாரணை முடிஞ்சு, அரைமணி கழிச்சு வந்துது.

மாப்பிள்ளை, சொல்ல வெக்கமா இருக்கு, ராத்திரி கண்ணே கலங்கிடுச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அக்கா கேப்பாங்க. சாவி, ஹீட்டர், விசிறி, முழு அதிகாரமும் என்கிட்டயே வரணும். அதுக்குக் குறைஞ்சு எதுக்கும் சம்மதிக்க மாட்டேன்.

நீங்களும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல், கேட்டது கேட்டவுடன் கிடைத்து வாழ வாழ்த்தும்,
உங்கள் அத்தான்

பி.கு.: கையெழுத்துப் போடும்போதே உள்ளே ஒரே கீச்சுகீச்சு. ஏறக்குறைய எல்லாமே பொரிச்சாச்சு! உங்க அக்கா சாவியை என் கையில வெச்சு, "பிடிங்க, முழு அதிகாரம். தம்பி வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டு வரேன். யாரையும் எதுவும் கேக்க வேண்டாம்"னு சொல்லிட்டுப் பெட்டி கட்டுறாங்க. இந்தக் கடிதத்தை அவங்க பையிலேயே போட்டு அனுப்புறேன். மேலே எழுதினது எதையும் மனசுல வெச்சுக்காதீங்க. அத்தனை குஞ்சும் என்னையே பாத்துக் கத்துது, பசியா குளிரான்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு மாப்பிள்ளை. அக்காவை உக்காரக்கூடச் சொல்லாம அடுத்த பஸ்ஸுல திருப்பி அனுப்பிடுங்க.