பத்து நாள் பட்டியல்

ஒன்பதாம் நம்பர் வேனின் பேட்டரி இன்னும் பத்தே நாளில் செத்துவிடும் என்று சுவரில் ஒட்டியிருந்த காகிதம் சொன்னது. அதைப் படித்த பேட்டரி மெக்கானிக்குக் காதில் புகை வந்தது.

பதினெட்டு வருஷமாக அந்தச் சரக்கு வேன் கம்பெனியில் பேட்டரிகளுக்கு ஆயுசு குறித்துக் கொடுக்கும் ஜோசியர் அவர் ஒருவர்தான். மேனேஜர் காலையில் வந்ததும் அவரைத்தான் தேடுவார். இப்போது இருபது வேனிலும் வண்டிக்கொரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டார்கள். சூடு எவ்வளவு, சார்ஜ் எவ்வளவு, எத்தனை தடவை வண்டியைக் கிளப்பினார்கள் என்று பெட்டி மாடி ஆபீசுக்குச் சொல்லும். அங்கே ஒரு கம்ப்யூட்டர் அதையெல்லாம் படித்து, தானாகவே பாடம் கற்றுக்கொண்டு ஆயுசைச் சொல்கிறதாம். மேனேஜரும் இப்போதெல்லாம் நேராக மாடிக்குப் போய்விடுகிறார்.

போதாக்குறைக்கு, மூன்று மாதம் பட்டியல் சரியாக வந்தால் மெக்கானிக்கை டயர் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு. பேட்டரி தொட்ட கையால் பஞ்சர் ஒட்டுவதாவது!

பார்த்துவிடலாம் ஒரு கை என்று அவர் அந்த ஒன்பதாம் நம்பர் பேட்டரியை வீட்டுக்கே தூக்கிப் போனார். முனைகளைத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, கூடத்தில் வைத்து ஞாயிறு முழுக்கப் பதமாகச் சார்ஜ் ஏற்றினார்.

மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ நீங்க இப்படிப் பக்கத்துல உக்காந்ததே இல்ல."

"உனக்குப் பத்து நாள்னு யாரும் எழுதி ஒட்டலையே" என்றார்.

அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

பேட்டரி பிழைத்துக்கொண்டது. பத்து நாள் போய் இருபது நாளும் ஆயிற்று. ஆனால் அவர் இதையே தாலாட்டிக்கொண்டிருந்ததில், நீண்ட ஆயுசு என்று பட்டியல் சொல்லியிருந்த மூன்று வேன்கள் கவனிப்பாரில்லாமல் நடுரோட்டில் படுத்துவிட்டன. மெக்கானிக்குக் கொள்ளைச் சந்தோஷம். சாகும் என்றது சாகவில்லை, சாகாது என்றது செத்துவிட்டது. மாடியேறிப் போய் மேனேஜரிடம் நன்றாகக் குத்திக்காட்டிவிட்டு வந்தார்.

மறுநாளே மாடியில் அச்செடுக்கும் பெண் புதுப் பட்டியலை ஒட்டினாள். இருபது வேனுக்கும் பத்தே நாள்.

ஒன்றில் மூக்குடைபட்டதும் மொத்தத்தையும் சாகடிக்கப் பார்க்கிறானே பாவி என்று மெக்கானிக் கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி திட்டினார். லீவை மறந்தார். விளக்கை அணைக்காமல் சாப்பிடப் போன டிரைவர்களோடு கைகலப்பு வரை போனார். வீட்டுக் கூடத்தில் நாலு பேட்டரி வரிசையாக உட்கார்ந்ததும், மனைவி கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் இன்னும் இரண்டு பேட்டரி வைக்க முடிந்தது.

மூன்று மாதம் முடிந்தது. இருபதில் ஒன்றுகூடச் சாகவில்லை. மெக்கானிக் பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு மாடிக்குப் போனார். மேனேஜர் இல்லை, அந்தப் பெண் மட்டும்தான் இருந்தாள். அகப்பட்டவள் அவளாவது கேட்கட்டும் என்று காகிதத்தை அவள் மேஜையில் போட்டார்.

"பாத்தியாம்மா உன் மெஷினோட லட்சணத்த. எல்லாம் பத்து நாள்ல செத்துடும்னுச்சே, எது செத்துச்சு?"

அவள் வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"மெஷின் எல்லாத்துக்கும் ரெண்டு வருஷம்னுதாண்ணே சொல்லுச்சு. பத்து நாள்னு எழுதி உங்க கண்ணுல படுற மாதிரி ஒட்டச் சொன்னது மேனேஜர்தான். அப்பத்தான் ஒண்ணுகூடச் சாகாதாம்."