கேள்விக்குறி போட்ட சதுரம்

எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்த மகளை, ரயில் ஓட்டும் வேலைக்கு லாயக்கில்லை என்று கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிவப்பு, பச்சை பிரித்தறியாத நிறக்குருடாம்.

"மெஷின் சரியில்ல," என்றார் உயிரியல் வாத்தியார்.

"மெஷின் இல்லப்பா. ஒரு புத்தகம். புள்ளி புள்ளியா இருக்கும், நம்பரைச் சொல்லணும்."

"அப்ப புத்தகம் சரியில்ல."

நோட்ஸ் போட்டு விற்கிறவர். அடுத்தவர் புத்தகத்தை அவர் நம்புவதில்லை. மறுநாளே பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு மகளை அழைத்துப் போனார். அவள் உள்ளே இருந்த நேரம் முழுக்க, வெளியே காத்திருந்தவர்களுக்கு விழித்திரை பற்றி இலவசமாக வகுப்பெடுத்தார். முடிவு மாறவில்லை.

வரும் வழியில்தான் அவருடைய பாடமே அவரைப் பிடித்துக்கொண்டது. இருபத்தாறு வருடமாக நடத்துகிற பாடம். ஆணிடம் எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. விந்தணு உருவாகும்போது, குன்றல் பகுப்பில், ஜோடி பிரிகிறது. பாதி விந்தணுவுக்கு எக்ஸ், மீதிக்கு ஒய். எக்ஸ் வந்து சேர்ந்தால் மகள். தகப்பனிடம் இருப்பதோ ஒரே எக்ஸ். அது அப்படியே மகளுக்குப் போகிறது. நிறக்குருடு எக்ஸில் இருக்கிற குறை; பெண்ணுக்கு இரண்டு எக்ஸிலும் இருந்தால்தான் வெளிப்படும். ஆகவே நிறக்குருடான மகளுக்கு நிறக்குருடான தகப்பன் இருந்தே தீரவேண்டும்.

தன் கண்ணைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம் எண்ணுகிற கண் அது. மிச்சமிருந்தது மனைவிதான்.

மகள் வேறொரு தேர்வெழுத வெளியூர் போனதும் விசாரணையைத் தொடங்கினார். சிவப்பாகப் பார்த்து எடுத்த ஒரு பொத்தானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தெரிந்த ஆண்களிடமெல்லாம் நிறம் கேட்கக் கிளம்பினார். முதல் ஆள் கீழ் வீட்டு டெய்லர்.

"கரும்பச்சை சார். எத்தனை வேணும்?"

வாத்தியார் மாடியேறினார். இரண்டாவது ஆளைக் கேட்க அவசியமே இருக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் வம்ச வரைபடத்தை விரித்தார். ஆண்கள் சதுரம், பெண்கள் வட்டம், குறை உள்ளவர்கள் கறுப்பு.

"இதுல நான் எங்க?" என்றாள் மனைவி, தட்டை நகர்த்தி.

"இந்த வட்டம்."

"இந்தப் பக்கம் வெள்ளைச் சதுரம்?"

"நான்."

"அந்தப் பக்கம் கேள்விக்குறி போட்ட சதுரம் யாரு?"

"அதைத்தான் நான் கேக்குறேன். கீழ் வீட்டு டெய்லரா?"

"உங்க பேன்ட்டைத் தவிர இந்த வீட்டுல வேற எதையும் அந்த மனுஷன் தொட்டதில்ல," என்றாள். கையைக் கழுவினாள். ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோபித்துக்கொண்டு போனது குற்ற உணர்ச்சியால்தான் என்று முடிவு கட்டி, வரைபடத்தை நகலெடுத்து, விளக்கக் குறிப்போடு சகலைக்கு அனுப்பினார் வாத்தியார். சகலை போன் செய்தார்.

"விஞ்ஞானமெல்லாம் இருக்கட்டும். உங்க கண்ணு நல்லாருக்குன்னு சர்டிஃபிகேட் இருக்கா?"

"நாளைக்கே வாங்கி அனுப்புறேன். எல்லாரையும் உக்கார வெச்சுப் படிங்க."

அதே பெரிய ஆஸ்பத்திரி. அன்று மகளைப் பரிசோதித்த அதே பெண் புள்ளிப் புத்தகத்தை விரித்தாள்.

"இதுல என்ன நம்பர் சார்?"

"நம்பர் இருக்கிற பக்கத்தைக் காட்டும்மா."

அவள் அடுத்த பக்கத்தைக் காட்டினாள். அதற்கடுத்ததை. பிறகு மெதுவாகப் புத்தகத்தை மூடினாள்.

"எல்லாப் பக்கத்துலயும் நம்பர் இருக்கு சார்."

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து பொத்தானை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது?"

"பச்சை."

எங்கோ ஒரு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். மகள் தன் மகள்தான் என்பது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சகலை வீட்டில் அந்தப் படத்தை இதுவரை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்பது விளங்க இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"இது யாருக்கும் தெரிய வேண்டாம்," என்றார்.

அந்தப் பெண் இரக்கத்தோடு சொன்னாள்: "உங்க பொண்ணுக்கு அன்னைக்கே தெரியும் சார். 'எனக்கு இருந்தா எங்கப்பாவுக்கும் இருந்தே ஆகணும், அவர் நடத்துன பாடம்தான். ஆனா அவர்கிட்ட சொல்லிடாதீங்க, பாவம், மனசு உடைஞ்சிடுவார்'னு சொல்லிட்டுத்தான் போனாங்க."