ஏழு யானையும் தேவசிகாமணியும்

பாளையங்கோட்டைக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த தேவசிகாமணி, 1912ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். சிலோனுக்குப் போய்க் காட்டு யானையைக் கண்ணால் பார்த்துவிடுவது. அதுவும் தனியாக.

எல்லாம் பக்கத்து மேஜைத் திருஞானசம்பந்தம் பிள்ளையால் வந்தது. பிள்ளை எப்போதோ பாபநாசம் மலையில் ஒரு புலியின் வாலைப் பார்த்தவர். அந்த வாலைப் பிடித்துக்கொண்டே பதினோரு வருஷமாகக் கச்சேரியில் பெரிய மனுஷராக உலவினார். வாலும் வருஷத்துக்கு ஒரு முழம் நீண்டுகொண்டே வந்தது.

தேவசிகாமணியின் மைத்துனன் தானியேலுக்குச் சிலோனில் ஓவர்சியர் வேலை. காட்டோரக் குளம் ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் அங்கே யானைகள் தண்ணீர் குடிக்க வருவதாக எழுதியிருந்தான்.

"நானும் வாரேன்" என்றாள் மனைவி இன்பமணி.

"மரத்துல பரண் கட்டி உக்காரணும்ட்டி. வளையல் சத்தம் கேட்டா ஆனை வராது."

இன்பமணி வளையல்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

"பேசப்படாது. உன்னால முடியுமா?"

"இருந்து காட்டுதேன்" என்றாள். அதோடு பேச்சு நின்றது.

மறுநாள் கச்சேரிக்குக் கிளம்பும்போது தலைப்பாகையைக் காணோம். எங்கே என்று கேட்டார். இன்பமணி சிரித்தாள். மூக்குக்கண்ணாடி எங்கே என்றார். அதற்கும் சிரித்தாள். குழம்பில் உப்பு போட்டாயா என்றார். அதே சிரிப்பு. வெறுந்தலையோடு போய் மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கினார். இவள் வாய் ஓயாதா என்று இருபது வருஷமாக ஜெபித்தவர், மூன்றாம் நாள் அவள் வாய் திறக்கவேண்டி முழங்காலில் நின்றார்.

"நீயும் வாட்டி. முதல்ல என் தலைப்பாகை எங்கன இருக்குன்னு சொல்லு."

"உங்க தலகாணிக்கு அடியில. ரெண்டு பேரா வாரோம்னு தம்பிக்கு அன்னைக்கே காயிதம் போட்டுட்டேன்."

தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். கொழும்பு வரைக்கும் தேவசிகாமணி தலையைத் தூக்கவில்லை. அப்புறம் ரயில், மாட்டு வண்டி.

முதல் நாள் சாயங்காலம் மூன்று பேரும் பரணில் ஏறினார்கள். இன்பமணி மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. வெயில் தாழ்ந்ததும் மரங்களுக்கு நடுவே ஒரு துதிக்கை நீண்டது. தேவசிகாமணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கோயிலின் கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் ஜெபத்தை ஆரம்பித்தார். ஆமென் சொல்லும்போது அந்தக் காட்டில் ஒரு காக்கை மிச்சமில்லை.

மறுநாள் தானியேல் பைய வந்து சொன்னான்: "அத்தான், பரண் ரெண்டு பேரைத்தான் தாங்கும்."

"நேத்து மூணு பேரு இருந்தோமே லே."

"நேத்து நீங்க நடுங்குன நடுக்கத்துல ஒரு கம்பு ஒடிஞ்சிட்டு."

எந்தக் கம்பு என்று கேட்க அவருக்கு மனசில்லை. இன்பமணி, "நீங்க இங்கன சாஞ்சிருங்க. பார்த்துட்டு வந்து எல்லாஞ் சொல்லுதேன்" என்றாள். தம்பியும் அக்காளும் கிளம்பிப் போனார்கள்.

திரும்பி வந்தவள் முகத்தில் அப்படி ஒரு பொலிவு. ஏழு யானை. அதில் ஒரு குட்டி. ஊர் திரும்புகிற வழியெல்லாம் தேவசிகாமணி அவளைக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணினார். எவ்வளவு உயரம், காது எம்புட்டு, எப்படிப் பிளிறியது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவர் கேட்காததை அவள் சொல்லவில்லை.

ஊர் வந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளை விசாரிக்க வந்துவிட்டார்.

"ஏழு ஆனை, ஓய்" என்று ஆரம்பித்தார் தேவசிகாமணி. "முன்னால ஒரு கொம்பன். ஒவ்வொரு கொம்பும் இந்தத் தூண் தண்டி. அவன் கால் எடுத்து வச்சாத்தான் பொட்டை ஆனையெல்லாம் நகரும். நான் கண்ணை இமைக்கலியே."

பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று. காப்பி கொண்டுவந்த இன்பமணியைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"ஒண்ணுக்கும் கொம்பு கிடையாது அண்ணாச்சி. அந்தச் சீமையில கொம்பு உள்ள ஆனை அபூர்வமாம். கூட்டத்தை நடத்திக்கிட்டு வந்தது ஒரு கிழட்டுப் பொட்டை. அது நின்னா எல்லாம் நிக்கும்."

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பம் இவரு எதைத்தான் பார்த்தாரு?"

"அவுகளா?" இன்பமணி காலி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். "எங்க மூட்டை முடிச்சைப் பார்த்துக்கிட்டாக."