ரெண்டும் வேணும் என்ற ரிஜெக்ட் அக்கா

பினாங்குத் தீவில் ரிஜெக்ட் அக்காவிடம் முதல் தடவையிலேயே ‘பாஸ்’ வாங்கிய பொருள் எதுவும் கிடையாது. அவருடைய கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெண் பார்க்க வந்த சூசை அண்ணனை, மீசை கோணலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். மீசையை எடுத்துவிட்டு வந்த பிறகுதான் கழுத்தை நீட்டினார்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத கீறலையும் நகத்தால் தடவிக் கண்டுபிடித்து, “ரிஜெக்ட்!” என்பார். கேண்டீனில் போடும் மீ கோரெங் நூடுல்ஸுக்கும், மேனேஜர் கட்டிவந்த புது டைக்கும் அதே தீர்ப்புதான்.

கடல் அவர் வாழ்க்கைக்குள் வந்தது அவருடைய எடையால். வாரக்கடைசியில் பாய்மரப் படகு ஓட்டும் எஞ்சினியர் ஒருவர், காற்றில் படகு ரொம்பச் சாயாமல் இருக்க விளிம்பில் உட்கார ஆள் தேடிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கனத்துக்காகத்தான் கூட்டிப்போனார்கள், கொஞ்ச நாளில் கயிறு, பாய், சுக்கான் எல்லாமே அக்காவின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டன.

ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டிய கையோடு அறிவித்தார்: “நான் படகு வாங்கப் போறேன். லங்காவித் தீவு வரைக்கும் நடக்குற பாய்மர ரேஸுக்கும் போகணும். அப்புறம் அதுலயே நானும் இவரும் தீவு தீவா சுத்தணும்.”

தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்த சூசை அண்ணன் கேக்கை விழுங்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அதுக்கு பிரேக் இருக்கா?”

படகு விற்றுத்தரும் தரகர் காதர் நானா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அலுவலகம் வைத்திருந்த, வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர். படகு பார்க்க அக்கா சூசை அண்ணனோடு என்னையும் இழுத்துப்போனார். முதலில் நானா காட்டியது பந்தயப் படகு. வெளியே பார்க்கக் கத்தி மாதிரி இருந்தது. உள்ளே இறங்கினால் வெறும் கூடு. அடுப்பு இல்லை, படுக்கை இல்லை.

“டாய்லெட் எங்க நானா?”

காதர் நானா மூலையில் இருந்த வாளியைக் காட்டினார்.

“ரிஜெக்ட்!”

அடுத்தது உல்லாசப் படகு. ஏர்கான், கரோக்கே, அகலக் கட்டில். அக்கா படுத்துப் பார்த்தார். “கடல் ஆடுனா நான் உருண்டு வந்து இவர நசுக்கிடுவேன்.” வெள்ளோட்டம் விட்டபோது, நல்ல காற்றிலும் எங்களை ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டில் முந்திக்கொண்டு போனது. அதுவும் ரிஜெக்ட்.

இப்படியே பல படகுகள் போயின. காதர் நானாவின் சட்டை முதல்முறையாகக் கசங்கியது.

“அக்கா, ரேஸ் படகுன்னா ரேஸ் படகு. வீடுன்னா வீடு. ரெண்டையும் ஒண்ணுல கேட்டா ரெண்டும் அரைகுறையாத்தான் லா கிடைக்கும். இந்த வயசுல எதுக்கு? பேசாம பெரிய கட்டில் உள்ளத வாங்கிட்டு ரெஸ்ட் எடுங்க.”

அக்காவின் மூக்கு சிவந்தது.

“வேலைக்குப் போனப்போ வீட்ட யாரு பாக்குறதுன்னு கேட்டாங்க. வீட்டப் பாத்தப்போ வேலையில கவனம் இல்லன்னாங்க. ரெண்டையும் நான்தான் பாத்தேன் நானா. இப்ப நீங்களும் வந்து ஏதாச்சும் ஒண்ணுதான்னு சொல்றீங்களா? எனக்கு வேகமும் வேணும், போற வழியில மீன் குழம்பும் கொதிக்கணும். காட்டுங்க அடுத்தத!”

அடுத்தது, பெயிண்ட் உரிந்து யாரும் கேட்காமல் கிடந்த பழைய படகு. ஒல்லியும் இல்லை, பருமனும் இல்லை. அக்கா கையோடு கொண்டுவந்திருந்த சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். “நீங்க ரெண்டு பேரும் மேல போயி குதிங்க.”

நானும் காதர் நானாவும் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு ஓடி ஓடிக் குதித்தோம். பக்கத்துப் படகுக்காரர்கள் வீடியோ எடுத்தார்கள். படகு ஆடியது, ஊஞ்சல் போலத் தொங்கிய அடுப்பு மட்டும் சாயவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை. படுக்கைகள் குறுகலாக, உருண்டு விழாமல் தடுக்கக் கான்வாஸ் துணியோடு இருந்தன. வெள்ளோட்டத்தில் படகு பறக்கவில்லை என்றாலும் காற்றுப் பட்டதும் துள்ளி எழுந்து போனது. அக்கா படுக்கையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாஸ்.”

காதர் நானா அழுதேவிட்டார்.

பந்தய நாளில் அக்கா சுக்கானில், சூசை அண்ணன் அடுப்படியில், நான் கயிற்றில். வாளி வைத்த அந்தப் பந்தயப் படகை ஒரு பணக்காரர் வாங்கி, காதர் நானாவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எங்களைக் கடக்கும்போது நானா கைகாட்டினார்: “மெதுவா வாங்க அக்கா, லங்காவி எங்கயும் ஓடிறாது!”

நடுவழியில் சுமத்ரா பக்கம் வானம் கறுத்தது. அக்கா உடனே பாயைப் பாதியாகச் சுருக்கச் சொன்னார். மழை ஊசியாகக் குத்தியது. வானம் இருக்கவேண்டிய இடத்தில் எனக்குக் கடல் தெரிந்தது. சில படகுகள் பினாங்குக்கே திரும்பிக்கொண்டிருந்தன.

“நாமளும் திரும்பிடலாம்க்கா!” என்று கத்தினேன்.

“பயமா இருக்கா?”

“ஆமாக்கா!”

“எனக்கும்தான் லா! பயந்துக்கிட்டே கயித்த இழு!”

இழுத்தேன். அவர் உதடு முணுமுணுத்தது செபமா வசவா என்று தெரியவில்லை. காற்று ஓய்ந்தபோது கீழேயிருந்து புளி கொதிக்கும் வாசனை மேலே வந்தது.

லங்காவியில் எங்களுக்குக் கோப்பை கிடைக்கவில்லை. காதர் நானா ஏறிவந்த பணக்காரர் படகுதான் முதலிடம். நாங்கள் நடுவில் எங்கேயோ. ஆனால் படகைக் கட்டிய கொஞ்ச நேரத்தில், கழுத்தில் பதக்கமும் நனைந்து ஒட்டிய சட்டையுமாக நானா எங்கள் பக்கம் வந்து நின்றார். காலையிலிருந்து உப்புத் தண்ணீரில் ஊறிய பிஸ்கட்தான் அவருக்கு ஆகாரம்.

அக்கா தட்டில் சோறு போட்டு, குழம்புக் கரண்டியை உயரத்திலேயே நிறுத்தினார்.

“ரெண்டும் முடியுமா, முடியாதா?”

“முடியும்க்கா.”

“சத்தமா.”

“முடியும்க்கா!”

துறை முழுக்கக் கேட்டது. கரண்டி இறங்கியது.

இப்போதும் அக்காவிடமிருந்து அடிக்கடி போன் வரும்: “தம்பி, சனிக்கிழமை காத்து நல்லா இருக்கும்போல. வா.” எனக்கு இன்றுவரை நீச்சல் தெரியாது. அந்தக் குரல் கூப்பிட்டால் மட்டும் எதையும் யோசிக்காமல் போய் ஏறிவிடுகிறேன்.