மீனுக்கு எட்டு மணி நேர வெளிச்சம்

"உங்க மேடத்து மீன் பச்சைக் குழம்புக்குள்ள நீந்துது. எந்திரிச்சு வந்து பாருங்க" என்று வைஷு உலுக்கியபோது நிர்மல் கண்ணயர்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஹாலுக்கு ஓடினான். பால்கனிக் கதவோரம் இருந்த கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், கொத்தமல்லிச் சட்னி அரைத்த மிக்ஸி ஜாரை அலம்பிய நிறத்தில் இருந்தது. அதற்குள் எங்கோ ஓர் ஆரஞ்சுக் கறை தெரிந்து மறைந்தது.

"உசுரோடதான் இருக்கு" என்றான் நிர்மல்.

"எத்தனை நாளைக்கு?"

மீன் அவனுடையது அல்ல. அவன் மேனேஜர் ப்ரியம்வதாவுடையது. கோயம்புத்தூரில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு நீண்ட லீவில் குடும்பத்தோடு கிளம்பியவர், தொட்டியைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்து புனே ஹடப்ஸரில் இவன் ஃப்ளாட்டில் இறக்கிவிட்டுப் போனார். அதுவும் முதல் நாளே மகர்பட்டா ஆபீஸில் மொத்த டீமும் உட்கார்ந்திருக்க, "இதை நிர்மல்கிட்டதான் குடுக்கப் போறேன்" என்று அறிவித்துவிட்டு.

டீமில் லீட் பதவி காலியாக இருந்தது. அதற்குக் காத்திருந்தவர்கள் இரண்டு பேர், நிர்மலும் சுப்ரஜாவும். சம்பளம் பெரிதாக ஏறாது. ஆனால் லீட் என்றால் பகல் ஷிஃப்ட். நிர்மல் சிகாகோக்காரர்களுக்காக மத்தியானம் கிளம்பி நடுநிசி தாண்டி வீடு திரும்புகிறவன். வைஷு விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ராத்திரிச் சோறு தின்றது சனி, ஞாயிறுகளில் மட்டும்தான். மற்ற நாட்களில் குடித்தனம் வாட்ஸப்பில் நடந்தது. 'ரசம் ஃப்ரிட்ஜில்.' 'தண்ணி லாரி வரலை.' 'சரி.'

"சுப்ரஜாவுக்குக் குடுக்கலை. எனக்குக் குடுத்திருக்காங்க. அர்த்தம் புரியுதா உனக்கு?" என்று அன்றைக்கே கேட்டான் நிர்மல்.

"சுப்ரஜா வீட்டுலதான ரெண்டு தொட்டி இருக்குன்னு சொன்னீங்க? மீன் வளக்கத் தெரிஞ்சவங்களை விட்டுட்டு உங்ககிட்ட ஏன் குடுக்கோணும்?"

"மீன் வளக்கறதுல என்ன இருக்கு? ஓனர்ஷிப் யாருக்கு இருக்குன்னு பாக்கறாங்க."

மேடம் சொல்லிவிட்டுப் போனதும் அதிகமில்லை. "லைட் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். தீனி ஒரு சிட்டிகை. அவ்வளவுதான். ஏதாவது ஆச்சுன்னாலும் மனசைப் போட்டு வருத்திக்காதீங்க நிர்மல். உயிர்னா ஒருநாள் போகத்தானே செய்யும்?"

அந்தப் பெருந்தன்மையில் நிர்மலுக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டு மணி நேரம் என்று சொன்னதை அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தானாக எரிந்து தானாக அணையும் ஸ்மார்ட் ப்ளக் ஒன்று வாங்கி, போனில் நேரம் குறித்துவிட்டான். காலை எட்டு முதல் மாலை நாலு வரை. வேலையை முடித்த திருப்தியில் மீனை அப்புறம் திரும்பியும் பார்க்கவில்லை. ராத்திரி வேலை முடிந்து வரும்போது ஹாலில் தொட்டி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தனக்காக வைஷு ஏற்றி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள் என்று உருகிப்போய்ச் சத்தம் போடாமல் நடந்து போய்ப் படுத்துக்கொள்வான்.

இப்போது பச்சைத் தண்ணீரின் முன்னால் நின்று அதைச் சொன்னான்.

"நானா?" என்றாள் வைஷு. "அந்த எழவை எப்படி அணைக்கறதுன்னே தெரியாம பெட்ரூம் கதவைச் சாத்திட்டுப் படுக்கறேன். சாயங்காலம் விளக்கு வெக்கற நேரத்துக்குத் தானா பத்திக்குது. பகல்ல அணைஞ்சு கிடக்குது. பகலுக்குத்தான் பால்கனி வெயில் இருக்கே, அது நேரா தொட்டி மேலதான் அடிக்குது."

நிர்மல் போனை எடுத்துப் பார்த்தான். கிளையண்ட் மீட்டிங் தவறக்கூடாது என்று அவன் போனை எப்போதும் சிகாகோ நேரத்திலேயே வைத்திருப்பான். ப்ளக்கும் போனைப் பார்த்துச் சிகாகோவில் பொழுது விடிந்த பிறகுதான் விளக்கைப் போட்டிருக்கிறது. மீன் பகலெல்லாம் புனே வெயிலிலும் இரவெல்லாம் அமெரிக்க ஷிஃப்டிலும் இருந்திருக்கிறது.

"உங்களை மாதிரியே" என்றாள் வைஷு, டிபன் பாக்ஸை மூடியபடி. "மீனுக்கே விளக்கணைக்க ஒரு நேரம் வேணுமுன்னு சொல்றாங்க. உங்களுக்கு எப்ப அணைப்பாங்க?"

நிர்மல் சும்மா இருந்திருக்கலாம். நேரத்தைத் திருத்திவிட்டுத் தொட்டியை நிழலுக்கு நகர்த்தியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவன் கணக்குப் போட்டான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் மீனின் பங்கு. இது வரப்போகிற நாட்களின் வெளிச்சத்தையும் சேர்த்து முன்கூட்டியே தின்றுவிட்டது. அதிகப்படி வேலை பார்த்தவனுக்குக் காம்ப் ஆஃப் லீவு கொடுப்பதில்லையா? தொட்டியின் மேல் ஒரு கனத்த பெட்ஷீட்டைப் போர்த்தி, கணக்கு நேராகிறவரை எடுக்கக்கூடாது என்று வைஷுவிடம் சொல்லிவிட்டான்.

பெட்ஷீட்டை விலக்கியபோது மீன் ஆரஞ்சாக இல்லை. பால் கோவா நிறத்தில், மூலையில் ஒடுங்கி நின்றது.

"ரத்தசோகை" என்றான் நிர்மல்.

"மீனுக்கா?"

"வெளுத்துப்போச்சு பாரு. சத்து பத்தலை."

சிட்டிகை என்றிருந்தது பிடியாயிற்று. மீன் அதைத் தொடவில்லை. தீனி கீழே இறங்கிக் கூழாங்கற்களுக்கு நடுவில் ஊறி அழுகியது. பச்சையாக இருந்த தண்ணீர் மோர் கலந்த மாதிரி கலங்கியது. ஹாலில் ஒரு வாடை வந்தது. எதிர் ஃப்ளாட் மராட்டி அம்மாள் வைஷுவிடம், "இன்னைக்கு உங்க வீட்டுல மீன் சமையலா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து முட்டைகூட ஏறாத வீடு.

அன்றைக்கு மேடம் கூப்பிட்டார்.

"நிர்மல், மீன் எப்படி இருக்கு? எதையும் மறைக்காம சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

"சூப்பரா இருக்குங்க மேடம்."

மறுமுனையில் கல்யாண நாதஸ்வரம் கேட்டது. "ஓ" என்றார் மேடம். பிறகு, "நிஜமாவா?" என்றார்.

"குரலே அடைச்சுப்போச்சு வைஷு" என்று வீட்டில் சொன்னான் நிர்மல். "அந்த மீன் மேல உசுரையே வெச்சிருக்காங்க. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா லீட் போச்சு, பகல் ஷிஃப்ட் போச்சு."

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் சுப்ரஜா தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். "மீன் எப்படி இருக்கு? முகத்தைப் பாத்தா சரியில்லை போலருக்கே."

நிர்மல் பாதியைச் சொன்னான். மீதியை அவளே ஊகித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை. வெயில் படாத எடத்துல வைங்க. எட்டு மணி நேரம் மட்டும் லைட், அப்புறம் இருட்டு. தெனம் ஒரே நேரத்துல. தண்ணியில கால்வாசியை மட்டும் எடுத்துட்டு, ஒரு நாள் பிடிச்சு வெச்ச தண்ணியை ஊத்துங்க. ஃபில்டரைத் தேய்ச்சுக் கழுவாதீங்க. தீனியை ரெண்டு நாளைக்கு நிறுத்துங்க. மத்தபடி கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

"கையைக் கட்டிக்கிட்டா?"

"ஆமாம். அதுதான் உங்களுக்குக் கஷ்டம்."

நிர்மல் நன்றி சொல்லிவிட்டு எழுந்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தான். பதவிக்குப் போட்டி போடுகிறவள், மீனுக்குச் சோறு போடாதே, அழுக்கைக் கழுவாதே, கையைக் கட்டிக்கொண்டு நில் என்கிறாள். இதற்குமேல் பச்சையாகக் குழி பறிக்க முடியுமா? அவள் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்வது என்று முடிவெடுத்தான்.

சனிக்கிழமை மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டினான். ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பழைய டூத் பிரஷ்ஷால் வெள்ளை வெளேரென்று தேய்த்தான். அப்போதுதான் லாரியில் வந்து அபார்ட்மெண்ட் டேங்கில் இறங்கிய குளோரின் வாடைத் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றினான். தொட்டி கண்ணாடி மாதிரி பளபளத்தது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பாரு, பேசுது" என்றான் நிர்மல்.

"மூச்சு வாங்குதுங்க!"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் பறந்தான். கடைக்காரர் இந்தியில் ஆறுதல் சொன்னார். "டென்ஷன் மத் லோ சாப், கவலைப்படாதீங்க, எல்லாத்துக்கும் மருந்து இருக்கு." எல்லாத்துக்கும் இருந்தது. ஒரு நீல மருந்துப் புட்டி. ஒரு பாசி தின்னி மீன். "கண்ணாடியெல்லாம் இதுவே நக்கித் துடைச்சிடும் சாப். வேலைக்காரி மாதிரி. சம்பளம் கிடையாது."

துளிக் கணக்கில் விட வேண்டிய நீல மருந்தை நிர்மல் மூடிக் கணக்கில் விட்டான். தொட்டி சொட்டு நீலம் போட்ட பக்கெட் ஆனது. பாசி தின்னி உள்ளே போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தது. நிர்மல் தேய்த்த தேய்ப்பில் தின்பதற்குத் தொட்டியில் பாசி மிச்சமில்லை. அது நேராகப் போய் மேடத்து மீனின் விலாவில் வாயைப் பதித்து ஒட்டிக்கொண்டது.

மேடத்து மீன் துடித்தது, சுழன்றது, கண்ணாடியில் மோதியது. ஒட்டியது விடவில்லை.

"ஐயோ, உறிஞ்சுது! வைஷூ!"

சமையலறையிலிருந்து வந்த வைஷு டீ வடிகட்டியைத் தொட்டிக்குள் விட்டு, பாசி தின்னியைப் பிய்த்தெடுத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டாள். முழங்கைவரை நீலமாக நின்று புருஷனைப் பார்த்தாள்.

"போதும். அந்த சுப்ரஜா நம்பரைக் குடுங்க."

"அவ நமக்கு எதிரி."

"குடுங்கன்னேன். இனிமே இந்தத் தொட்டிப் பக்கம் வந்தீங்க, அந்த டப்பாவுக்குள்ள உங்களையும் போட்டுருவேன்."

அதற்குப்பின் நிர்மல் வெறும் பார்வையாளன். சுப்ரஜா போனில் சொல்லச் சொல்ல வைஷு செய்தாள். தொட்டி நிழலுக்குப் போனது. பிடித்து வைத்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விளக்கைப் போட்டு, படுக்கப் போகும்போது மறக்காமல் அணைத்தாள். தீனியை மறைத்து வைத்தாள். நீலம் வெளிறியது. மீன் மூலையைவிட்டு வெளியே வந்தது. ஆரஞ்சு நிறம் முதலில் வாலில் வந்தது, பிறகு வயிற்றில். மேடம் ஊரிலிருந்து திரும்புவதற்குள் அது தீனி டப்பாவின் சத்தம் கேட்டாலே குதிக்க ஆரம்பித்திருந்தது.

"வைஷு, நீ கேளு. வர்ற மாசத்துலேர்ந்து ஏழு மணிக்கு வீட்டுல இருப்பேன். சூடா தோசை. எதிரும் புதிருமா உக்காந்து" என்றான் நிர்மல்.

"மாவை இப்பவே ஆட்டிடாதீங்க" என்றாள் வைஷு. ஆனால் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் தொட்டியை மடியில் வைத்து, சட்டை பேண்ட்டெல்லாம் நனைய மேடம் வீட்டுக்குக் கொண்டுபோனான். கதவைத் திறந்த ப்ரியம்வதா முதலில் அவன் முகத்தைப் பார்த்து, "பரவாயில்லை நிர்மல், மனசைத் தேத்திக்குங்க" என்று ஆரம்பித்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். மீன் குதித்தது. மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் சொன்னேனே மேடம், சூப்பரா இருக்குன்னு."

உள்ளே முன்பு தொட்டி இருந்த மேஜைமேல் புத்தம் புதிதாகப் பெரிய காபி மெஷின் ஒன்று உட்கார்ந்திருந்தது. தொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிர்மல் நின்றான். மேடத்தின் மாமியார் சரசா அறையிலிருந்து வந்தவர், "அட என் தங்கமே!" என்று கூவினார். "புதுவீட்டுக்கு நான் குடுத்த மீனாச்சே. இந்த வீட்டுல யாரு அதைக் கவனிக்கறா? நீ நல்லா இருப்பே தம்பி. ப்ரியா, அந்த மெஷினை எடு."

மேடம் மெஷினை எடுத்தார். எடுத்த விதத்தில் அதன் மூடி கழன்று விழுந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது நிர்மல் மெதுவாகக் கேட்டான். "மேடம், அந்த லீட் விஷயம்..."

"சுப்ரஜா. ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாச்சு. நாளைக்கு மெயில் வரும்" என்று சொல்லிவிட்டு ப்ரியம்வதா உள்ளே போய்விட்டார்.

மேடத்தின் கணவர் ஹர்ஷா லிஃப்ட்வரை கூடவே வந்தார். பட்டனை அழுத்திவிட்டுப் பாவமாகப் பார்த்தார்.

நிர்மலால் தாங்க முடியவில்லை. "சார், சுப்ரஜாதான் லீடுன்னு முடிவாயிட்டா, மீனையும் அவங்ககிட்டயே குடுத்திருக்கலாமே? என்கிட்ட எதுக்கு சார் குடுத்தாங்க?"

ஹர்ஷா வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சுப்ரஜாகிட்ட குடுத்தா உயிரோட திரும்பி வந்துடுமே நிர்மல்!"