இரண்டு ரோஸ்வீத்தாக்களும் ஒரு கைத்துப்பாக்கியும்

ஜெர்மனியின் துரிங்கியா மலையடிவாரத்து லிண்டன்ரோடா நகரில் ஆயுத அலுவலகம் என்பது, மக்களைக் காப்பதற்காக மக்கள் நடுங்கிக்கொண்டே போய் நிற்கவேண்டிய இடம். ரோஸ்வீத்தாவும் அப்படித்தான் போய் நின்றாள், இடுப்பில் மகளோடு.

அவள் வாங்கியிருந்தது நூறு வயது தாண்டிய, குறிபார்த்துச் சுடும் போட்டிக்கான கைத்துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரே குண்டு. வால்நட் மரப்பிடி அவள் கைக்கென்றே செதுக்கியதுபோல் உட்காரும். அன்று மதியத்துக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் அது நேரே உருக்காலைக்குப் போய்விடும்.

முதல் அறை, பழைய ஆயுதச் சேகரிப்பாளர் பிரிவு. அதிகாரி வீகண்ட் நிமிர்ந்தார்.

"இதால சுடுவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு சார்."

"அப்போ நீங்க சேகரிப்பாளர் இல்லம்மா. சேகரிக்கிறவங்க சுடமாட்டாங்க. அடுத்த ரூமுக்குப் போங்க."

அடுத்த அறை, விளையாட்டுச் சுடுநர் பிரிவு. நடுக்கதவு வழியாக அதே வீகண்ட் வந்து உட்கார்ந்தார்.

"வணக்கம். உங்க பேரு?"

"இப்பதானே சார் பேசினோம்!"

"அது அந்தப் பிரிவு. ரெண்டுக்கும் நடுவுல தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அவர்கிட்ட சொன்னது எனக்குத் தெரியக்கூடாது." கைத்துப்பாக்கியைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. "ஒரே குண்டா? பத்துக் குண்டு போட்டாத்தான் விளையாட்டு. ஒண்ணே ஒண்ணுன்னா, படணும்னே சுடறீங்கன்னு அர்த்தம்."

"போட்டியில படணும்னுதானே சார் சுடணும்?"

"இப்படி வெளிப்படையாப் பேசாதீங்க. உங்க நம்பகத்தன்மை சந்தேகம்னு எழுதவேண்டியதாப் போயிடும்." இடுப்பைக் காட்டினார். "குழந்தை எந்தப் பிரிவு?"

ரோஸ்வீத்தா மகளை இறுக்கிக்கொண்டாள்.

வீகண்ட் மறுபடி துப்பாக்கியைப் பார்த்தார். "பழைய சாமான். சேகரிப்புதான் இது. பக்கத்து ரூமுக்குப் போங்க."

நான்கு முறை போனாள். நான்கு முறையும் பெயர் சொன்னாள். ஐந்தாம் முறை அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "சார், நானும் உங்கள மாதிரி ரெண்டு பேரா இருந்துட்டா?"

வீகண்ட் முகம் மலர்ந்தது. அத்தனை வருட சேவையில் அவரைப் புரிந்துகொண்ட முதல் பிரஜை.

மேற்படி சேகரிப்பாளர் ரோஸ்வீத்தா, மேற்படி சுடுநர் ரோஸ்வீத்தாவுக்கு, மேற்படி ஆயுதத்தை ஞாயிறுதோறும் இரவல் தரலாம் என்று அனுமதி பிறந்தது. ஒரே ஒரு நிபந்தனை: சேகரிப்பாளரின் துப்பாக்கிப் பெட்டகச் சாவி இருக்கும் இடம் சுடுநருக்குத் தெரியக்கூடாது.

ஞாயிறு. சுடுநர் சங்கத்தில் வாட்டிய இறைச்சியும் பியருமாக எல்லோரும் அலுவலகத்தைத் திட்டித் தீர்த்தார்கள். ரோஸ்வீத்தா தன் அனுமதிக் கதையைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தலைவர் கோட்ஹெல்ஃப்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

"இரு இரு. இப்போ துப்பாக்கியோட நிக்கிறது எந்த ரோஸ்வீத்தா?"

"சுடறவ."

"அப்போ கொடுத்தவங்க எங்க? நேர்ல வந்து ஒப்படைக்க வேண்டாமா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா சங்கத்து மானம் போயிடுமே!"

"அதானே!" என்றார் பியர் கோப்பையோடு ஒருவர். "ஒரே ஆளா வர்றவங்கள எப்படி நம்பறது?"

பழைய கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இனி இரண்டு பேராகத்தான் வரவேண்டும், ஒற்றை ஆட்களுக்குப் போட்டியில் இடமில்லை என்று அங்கேயே தீர்மானம் கொண்டுவந்தார்கள். கைதூக்கச் சொன்னார்கள். அவள் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன.

ரோஸ்வீத்தா சுற்றிலும் பார்த்தாள். துப்பாக்கியை மேசையில் வைத்து, இடுப்பிலிருந்த மகளைக் கீழே இறக்கிவிட்டு, ஆளுக்கொன்றாக இரண்டு கைகளையும் தூக்கினாள்.